இல்லாத நாளும் மாறிய பெயரும்

1900ஆம் ஆண்டின் பிப்ரவரிக்கு 28 நாட்களே. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டாலன்றி மிகுநாள் ஆண்டாகாது என்பது 1582இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நடைமுறைப்படுத்திய நாட்காட்டியின் விதி. ஆயினும் எக்செல் விரிதாளின் ஒரு கட்டத்தில் 60 என்று இட்டு, அதைத் தேதியாகக் காட்டச் சொன்னால், 1900 பிப்ரவரி 29 என்று அது தயங்காமல் காட்டும். (பழைய ஜூலியன் நாட்காட்டியை விடாதிருந்த ருஷ்யாவில் அந்நாள் இருந்தது. எக்செல் அதை எண்ணிச் சொல்லவில்லை.)

கணினிக்குத் தேதி என்பது ஒரு தொடக்க நாளிலிருந்து எண்ணிய நாட்களின் தொகை. மாதப்பெயரும் ஆண்டும் அதன்மேல் போர்த்திய உடை. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் 1900ஐ மிகுநாள் ஆண்டாகக் கணக்கிட்டது. லோட்டஸ் கோப்புகளைத் தானும் திறக்கவேண்டும் என்பதற்காக மைக்ரோசாப்ட் அந்தப் பிழையை அறிந்தே எக்செலில் ஏற்றுக்கொண்டது. 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வந்த எக்செலோ 1904இலிருந்து எண்ணியது. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே 1462 நாட்கள். ஒரு கோப்பின் தேதிகள் யாவும் நான்காண்டும் ஒரு நாளும் பிசகியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே.

அதே நிறுவனத்தின் ஆக்சஸ் தரவுத்தளம் 1899 டிசம்பர் 30ஐச் சுழியமாகக் கொள்கிறது. 1900 மார்ச் 1 முதல் இரண்டும் ஒத்துப்போகும்; அதற்கு முந்திய இரு மாதங்களில் ஒரு நாள் வேறுபடும். ஆக்சஸில் 60 என்பது பிப்ரவரி 28. அந்த எண் அப்படியே எக்செலுக்குப் போனால் இல்லாத 29 ஆகிவிடும்.

இவை எண் எண்ணாகவே போகும்போது நேர்பவை. தரவுத்தளத்திலிருந்து எடுத்த பட்டியலை வெறும் எழுத்துக்கோப்பாக மாற்றி விரிதாளில் திறக்கும்போது நேர்வதே பெருந்தொல்லை. தரவுத்தளத்தில் 'இது தேதி' என்ற குறிப்பு அந்தப் பத்தியோடு இருந்தது. எழுத்தாக மாறியதும் உதிர்ந்துவிட்டது. ஓலைச்சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது. படிப்பவரே இடம் நோக்கித் தெளிந்தார். விரிதாளுக்கு இடம் நோக்கத் தெரியாது. நம் வழக்கப்படி எழுதிய 05/08/1998ஐ அமெரிக்க முறைக்கு அமைத்த கணினி மே 8 என்று கொள்ளும். 25/08/1998க்கு 25ஆம் மாதம் இல்லையாதலால் அதைத் தேதியாக்காமல் எழுத்தாகவே இடப்புறம் ஒட்டி நிறுத்திவிடும். ஒரே பத்தியில் சில வலப்புறமும் சில இடப்புறமும் ஒதுங்கி நின்றால், ஐயப்படவேண்டியது வலப்புறத்தவற்றையே. தேதிபோல் கோலங்கொண்டு பிழைபட்டவை அவைதாம். ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையை 1988இல் ஐஎஸ்ஓ 8601 தரப்படுத்தியது இக்குழப்பத்தைத் தவிர்க்கவே.

தேதியே அல்லாததும் தேதியானதுண்டு. மார்ச்1, செப்ட்2 என்ற பெயர்களில் மனித மரபணுக்கள் இருந்தன. விரிதாள் இவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று ஆக்கிவிடுவதை 2004இலேயே ஓர் ஆய்வுக்கட்டுரை சுட்டியது. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, முன்னணி இதழ்களில் எக்செல் மரபணுப் பட்டியல்களோடு வந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதைக் கண்டது. பட்டியலில் பெயர் மட்டுமே இருந்தால் மீட்பதும் அரிது: மார்ச்1, மார்க்1 என்ற வெவ்வேறு மரபணுக்கள் இரண்டும் ஒரே மார்ச் முதல் தேதியாயின. ஏடு பெயர்த்தெழுதியவர் விளங்காத சொல்லை விளங்கிய சொல்லாக்கிய இடத்திலும் வேறு படி கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே அதுவும் இல்லை.

இறுதியில் வளைந்து கொடுத்தவர்கள் உயிரியலாளர்களே. மரபணுப் பெயர்க்குழு 2020இல் வெளியிட்ட புதிய நெறிமுறையில் மார்ச்1, மார்ச்எப்1 ஆயிற்று. செப்ட்2, செப்டின்2 ஆயிற்று. இத்தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை எக்செல் பயனர்களுக்கு மைக்ரோசாப்ட் வழங்கியது 2023இல்.