ஏழு டாலர் சிப்பாயின் சவரக்கத்தி

1873இல் ஜோதிராவ் புலே தம் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த மக்கள் என்றதும் வெள்ளைச் சீர்திருத்தவாதிகளே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஏறத்தாழ 1,79,000 கறுப்பின வீரர்களும் இருந்தார்கள். அவர்களின் முதுகுப்பையைத் திறந்து பார்ப்போம்.

ஒரு சீப்பு, ஒரு சவரக்கத்தி, உள்ளங்கையளவு கண்ணாடி, சோப்பு. சீப்பு கொம்பிலோ எலும்பிலோ கெட்டி ரப்பரிலோ செய்தது. குட்இயர் பெயரும் 1851 என்ற காப்புரிமை ஆண்டும் பொறித்த ரப்பர் சீப்புகள் பழைய முகாம்களில் கிடைத்திருக்கின்றன. தலையலங்காரத்தை விடப் பேனுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது. சோப்பையும் அற்பமாக நினைக்க வேண்டாம். அந்தப் போரில் செத்தவர்களில் மூன்றில் இரண்டு பேரைக் கொன்றது நோய்.

சவரக்கத்தியிடம் நாம் சற்று நிற்க வேண்டும். போருக்கு முன் தெற்கு நகரங்களில் முடிதிருத்தும் தொழில் பெரும்பாலும் கறுப்பர் கையில் இருந்தது. வெள்ளையர் தம் கழுத்தை அந்தக் கத்திக்கு நம்பிக் கொடுத்தார்கள். அதே நாற்காலியில் ஒரு கறுப்பர் உட்காருவதை மட்டும் பொறுக்கமாட்டார்கள். கடைக்காரரே கறுப்பர், ஆனாலும் தம் மக்களை உள்ளே விட்டால் வாடிக்கை போய்விடும். சலூன் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவின் பதிவேட்டில் முடிதிருத்துபவர் என்று தொழில் எழுதப்பட்டவர்கள் உண்டு. முகாமில் அவர்கள் கத்தி பிடித்தால் எதிரே உட்கார்ந்தவர் தோழர்.

முடி குட்டையாக இருக்க வேண்டும், தாடி வைத்தால் கத்தரித்திருக்க வேண்டும் என்ற படைவிதி எல்லோருக்கும் ஒன்று. சம்பளம்தான் வேறு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடுப்புப்படி தனி. கறுப்பருக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். சார்ஜண்ட் ஆனாலும் மிஞ்சுவது 7 டாலர். சீப்பு உடைந்தால் முகாம் வியாபாரியிடம் வாங்க அதுதான் காசு.

54ஆம் பிரிவினர் அந்தக் கூலியைத் தொடவே மறுத்தார்கள். ஊரில் குடும்பங்கள் பட்டினி கிடந்தன, இவர்கள் ஒன்றரை ஆண்டு மறுத்தார்கள். தெற்குக் கரோலினா 3ஆம் பிரிவில் சார்ஜண்ட் வில்லியம் வாக்கர் 1863 நவம்பரில் தம் ஆட்களுடன் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார். அதைக் கலகம் என்றார்கள். 1864 பிப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சமசம்பளச் சட்டம் அந்த ஜூனில் வந்தது.