குரலும் குறிப்பும்

திருவனந்தபுரத்துத் தமிழரின் இசை வரலாற்றில் 1900ஆம் ஆண்டு ஓர் எல்லைக்கல். அவ்வாண்டில்தான் நீலகண்ட சிவன் மறைந்தார். வடிவீசுவரத்தில் 1839இல் பிறந்து, கரமனையில் வாழ்ந்து, பஜனையாலும் தமிழ்க் கீர்த்தனைகளாலும் இந்நகருக்கு அணிசெய்த அப்பெரியாரின் பாடல்கள் இன்றும் வழங்குகின்றன. அவர் குரலோ நமக்கில்லை. கிராமபோன் நிறுவனத்தார் கல்கத்தாவில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்தது 1902 நவம்பரில். இடைவெளி இரண்டே ஆண்டுகள்! இளமையை இந்நகரில் கழித்த பாபநாசம் சிவனின் (1890–1973) குரலோ பதிவாகி இன்றும் கேட்கிறது.

கல்கத்தாவில் பதிந்த தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சாயின. பாடியவர் இன்னார் என்று அங்குள்ளோர் அறியும் பொருட்டு, கௌஹர் ஜான் போன்ற கலைஞர்கள் பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினர். குரலுக்குக் குறிப்பு வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

நம் நகரில் 1943 மார்ச் 12இல் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் தோன்றியது. 1950 ஏப்ரல் 1இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. பின்னர் ஸ்பூல் நாடாவும், 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டும் இல்லங்களுக்கு வந்தன. வானொலிக் கச்சேரியும் வீட்டுப் பஜனையும் பாட்டியின் தாலாட்டும் குடும்பச் சொத்தாயின.

இச்சொத்துக்குப் பகை இரண்டு. ஒன்று, இம்மண்ணின் ஈரக் காற்று. அது நாடாவில் பூஞ்சையை வளர்க்கும், காந்தப் பூச்சைப் பற்றியிருக்கும் பசையையும் தளர்த்தும். மற்றொன்று, நம் மறதி.

தாம் பாடியும் வாசித்தும் பதிந்த பழைய நாடாக்களைத் துலக்க முற்படுவோர், முதலில் உள்ளது உள்ளபடியே ஒரு படி எடுத்து, அதைத் தொடாது காத்தல் வேண்டும். திருத்தமெல்லாம் மறுபடியில்தான். அடுத்து, வேகத்தை நோக்குக. நிமிடத்துக்கு 78 முறை சுழலவேண்டிய இசைத்தட்டை 83 முறை சுழலவிட்டால், நாலரைக் கட்டைச் சுருதி ஐந்து கட்டையாகிவிடும். பாடியவர் குரலே மாறிவிடும். இரைச்சலை நீக்குவதிலும் அளவு வேண்டும். தம்புராவின் இடையறா நாதத்தையும் இரைச்சலென்றே எண்ணிக் கருவி அழித்துவிடக்கூடும்.

ஆயினும் துலக்குவதினும் முந்திய பணி பெயரெழுதுதல். தேய்ந்த ஒலியைப் பின்னொரு நாள் வல்லார் ஒருவர் சீர்செய்யலாம். இழந்த பெயரை எவர் மீட்பார்? சிற்சில வேளை இசையே துணைநிற்கும். கோட்டையகத்து நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாளின் கிருதிகள் நாளுக்கொன்றாக முதன்மை பெறுகின்றன: முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி, நான்காம் நாள் தோடி, நிறைவு நாள் ஆரபி. அம்மண்டபத்துப் பதிவென்று தெரிந்தால், நாள் எழுதாத நாடாவும் தன் நாளைத் தானே கூறும். ஆண்டையோ, பக்கம் வாசித்தவரின் பெயரையோ அது கூறாது. அவற்றை அறிந்தோர் நம் வீட்டு முதியோரே.

ஆதலின், வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் இளையோர் பெட்டியிலுள்ள நாடாக்களை முதியோருடன் அமர்ந்து கேட்க வேண்டும். பாடியவர், பக்கவாத்தியம், இராகம், இயற்றியவர், இடம், நாள் ஆகியவற்றை எழுதுக. உறுதியில்லாதவற்றை ஐயம் என்றே குறிக்க. கேட்டவுடன் குரலை இனங்காணும் செவிகள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நிறைவேறுக!