மனம் புண்படுவதும் மானம் பறிபோவதும்

படிப்பு வட்டங்களில் மாணவத் தோழர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "புராணத்தை விமர்சித்தால் வழக்குப் போடுகிறார்கள். எங்களைச் சாதி சொல்லித் திட்டினால் கருத்துச் சுதந்திரம் என்கிறார்கள். சட்டம் யாருக்காக இருக்கிறது?" இதற்குப் பதில் அந்தச் சட்டங்கள் பிறந்த கதையில் இருக்கிறது.

பிரிட்டிஷ் அரசின் கவலை, கலவரம் வரக்கூடாது என்பதுதான். 1898இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 153ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. பிரிவினரிடையே பகை வளர்ப்பது குற்றமானது. நபிகள் நாயகத்தை இழிவுபடுத்திய நூலொன்றின் பதிப்பாளரை, அந்தப் பிரிவு பொருந்தாது என்று சொல்லி லாகூர் உயர் நீதிமன்றம் 1927இல் விடுவித்தது. கொந்தளிப்பு எழுந்தது. அதே ஆண்டு 295ஏ வந்தது. மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவது குற்றமானது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 196, 299 ஆகிய பிரிவுகள்.

இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே: யாருடைய கோபம் அமைதியைக் குலைக்கும்? சேரியில் நின்று ஒருவர் சாதி சொல்லி வசைபாடினால் அமைதி குலையாது. கேட்டவர் தலைகுனிந்து போக வேண்டும் என்பதே ஊர்க் கட்டுப்பாடு. அந்த மௌனத்தைச் சட்டமும் அமைதி என்றே கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்த அளவுகோல் சாதி எதிர்ப்பாளர்கள் மீதே திரும்பியதும் உண்டு. பெரியாரின் ராமாயண விமர்சனத்தை லலாய் சிங் யாதவ் இந்தியில் வெளியிட்டார். 295ஏவைக் காட்டி, உத்தரப் பிரதேச அரசு 1969இல் நூலைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அவர் பணிந்துவிடவில்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. அரசின் மேல்முறையீட்டை 1976இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு தள்ளுபடி செய்தது. நூல் ஏன் குற்றம் என்பதற்கான காரணங்களை ஆணையில் அரசு சொல்லவில்லை என்பதே அடிப்படை. ஒரு நூலைத் தடுக்க "மனம் புண்படும்" என்ற ஒற்றை வரி போதாது.

1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேறு கேள்வியைக் கேட்டது: யாருடைய மானம் பறிக்கப்பட்டது? பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. 2015 திருத்தம் சாதிப் பெயரால் வசைபாடுவதையும், இம்மக்கள் மீது வெறுப்பைத் தூண்டுவதையும் தனித்தனிக் குற்றங்களாக்கியது.

ஆனால் ஓட்டைகள் உண்டு. வெளியாள் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடந்த வசை "பொதுப் பார்வை" ஆகாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே புகார் எழுதும்போது சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். இடம், நேரம், கேட்டவர்களின் பெயர்களை விடாதீர்கள்.

தோழர்களே, ஒரு நம்பிக்கையை, நூலை, கடவுளை விமர்சிப்பது கருத்து. அதைப் பிடிக்காதவர் பதில் எழுதலாம். பிறப்பைச் சொல்லி ஒரு மனிதரை இழிவுபடுத்துவது கருத்தல்ல, தீண்டாமையின் இன்னொரு வடிவம். நமக்கும் மனம் புண்படும் நாட்கள் வரும். அப்போதும் புத்தகங்களைத் தடை செய்யச் சொல்லி அரசிடம் போகாமல் இருப்போம். அந்தக் கதவு திறந்தால் முதலில் பறிபோவது நம் புத்தகங்கள்தான்.