வாலிகண்டபுரத்துச் சண்டையும் பட்டாளத்தார் வீட்டுத் தாள்களும்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வாலீஸ்வரர் கோயிலுக்காக வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. ரஞ்சன்குடிக் கோட்டைக்காக நிறுத்துகிறவர்களும் உண்டு. இங்கே நடந்த சண்டைக்காக நிறுத்துகிறவர் யாருமில்லை. நிறுத்தினாலும் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு கல்கூட இல்லை. முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்காக வரும் இந்த மலரில் அந்தச் சண்டையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

1751 ஜூலை. ஆர்க்காட்டு நவாபு பட்டம் முகமது அலிக்கா, சந்தா சாகிபுக்கா என்று போட்டி. முகமது அலி பக்கம் ஆங்கிலக் கம்பெனி, சந்தா சாகிபு பக்கம் பிரெஞ்சுக் கம்பெனி. கேப்டன் ஜிஞ்சென் தலைமையில் ஆங்கிலப் படை தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையிலிருந்து கிளம்பி, விருத்தாசலம் கோயிலைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் ‘வால்கொண்டா’ என்று எழுதிய நம் ஊர்ப் பக்கம் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரர் ஐந்நூறு பேர், ஆப்பிரிக்க வீரர் நூறு பேர், சிப்பாய்கள் ஆயிரம் பேர்.

கோட்டைக்காரர் கெட்டிக்காரர். எந்தப் பக்கம் தட்டு சாயும் என்று தெரியாததால் இரு தரப்புக்கும் நல்ல வார்த்தை சொல்லியே இரண்டு வாரம் ஓட்டினார். பொறுமையிழந்த ஜிஞ்சென் ஊருக்குள் புகுந்து தாக்கினார். பேட்டை எரிந்தது, கோட்டை விழவில்லை. எரிந்தவை யார் வீடுகள் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. கோட்டைக்காரர் உடனே பிரெஞ்சுக்காரரை அழைத்துவிட்டார். அடுத்து நடந்த மோதலில் வெள்ளைச் சோல்ஜர்கள் மிரண்டு பின்வாங்க, திருப்ப முயன்ற அதிகாரிகளின் பேச்சு எடுபடவில்லை. அந்த அதிகாரிகளில் ஒருவர் ராபர்ட் கிளைவ். அப்போது அவருக்குப் படையின் சாப்பாட்டு வரவு செலவைப் பார்க்கும் வேலை. ஆப்பிரிக்க வீரர்கள் மட்டும் நிலைகுலையாமல் நின்று, காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதுகிறார். அவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை. படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்கு ஒதுங்கியது.

ஓராண்டு முடிவதற்குள் தலைகீழ். 1752-இல் திருவரங்கத்தில் சிக்கிய தம் ஆட்களை மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி தொத்தேய், கிளைவ் துரத்த இதே கோட்டைக்கு ஓடிவந்தார். இம்முறை கதவு அவருக்குத் திறக்கவில்லை. சரணடைந்தார். அந்தத் துரத்தலில் சிப்பாய்கள் வெள்ளைக்காரரையும் முந்திக்கொண்டு ஓடினார்கள் என்று பதிவு உண்டு. பெயர்ப் பட்டியல்தான் இல்லை. அந்தக் காலத்துச் சிப்பாய்களில் பெயர் நிலைத்தவர் என்றால் யூசுப் கானைச் சொல்லலாம். அவரும் தளபதியாக உயர்ந்து, பிறகு கம்பெனியையே எதிர்த்து, 1764-இல் மதுரையில் தூக்கில் தொங்கியதால் நிலைத்தவர்.

ஸ்டிரிங்கர் லாரன்ஸ் சிப்பாய்களை ஒழுங்கான கம்பெனிகளாக அமைத்த 1758-ஐ மதராஸ் படையின் பிறந்த ஆண்டாகச் சொல்வது வழக்கம். கால் நூற்றாண்டுக்குள் இந்தச் சிப்பாய்கள் அமெரிக்கச் சண்டையிலும் பங்கெடுத்துவிட்டார்கள், கடல் தாண்டாமலேயே. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்ஸ் 1778-இல் இறங்கியதும் போர் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வந்தது. 1783 ஜூன் 13-இல் கடலூருக்கு வெளியே ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படையும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையும் மோதின. ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். பிரான்சும் பிரிட்டனும் அந்த ஜனவரியிலேயே சமாதானத்துக்குக் கையெழுத்திட்டிருந்தன. கப்பலில் செய்தி வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில்.

அதே போரில் அமெரிக்க மண்ணில் நின்றவர்களின் வம்சத்தார் இன்று பாட்டன் பூட்டன் கதையை நாள்வாரியாகச் சொல்கிறார்கள். அவர்கள் நம்மைவிடப் பெரிய வீரர்கள் என்பதால் அல்ல, பென்ஷன் சட்டத்தால். 1818-லும் 1832-லும் வந்த சட்டங்களின்படி, வயதான வீரர் நீதிமன்றத்தில் நின்று, எந்த கேப்டனின் கீழ் எங்கெங்கே சண்டையிட்டேன் என்று வாக்குமூலம் தர வேண்டும். 1836-க்குப் பிறகு விதவைகளும் திரளாக வந்தார்கள். கல்யாணம் நடந்ததற்குச் சான்றாகக் குடும்ப பைபிளில் பிறப்பு இறப்பு எழுதிய தாளைக் கிழித்தே கொடுத்தவர்கள் உண்டு. அப்படிச் சேர்ந்த சுமார் 80,000 கோப்புகள் இன்று வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

மதராஸ் படையிலும் உபகாரச் சம்பளம் இருந்தது, குடும்பத்தையும் கணக்கில் எடுத்தார்கள். சிப்பாயின் மகனை ‘ரெக்ரூட் பாய்’ என்றும், தகப்பனை இழந்த பையனை ‘பென்ஷன் பாய்’ என்றும் எழுதி ஒரு சிறு சம்பளம் கொடுத்தார்கள். வங்காளப் படையில் சிப்பாயின் குடும்பம் சொந்த ஊரில் இருக்கும். மதராஸ் படையிலோ பெண்டு பிள்ளைகள் பட்டாளத்தோடு நடந்தே போய் லைனில் குடியிருப்பார்கள். அதனால் ஒருவர் சேர்ந்தது திருச்சியில், மகன் பிறந்தது செகந்திராபாத்தில், பேரன் வளர்ந்தது நாக்பூரை அடுத்த காம்ப்டியில் என்று வம்சம் கன்டோன்மென்ட் கன்டோன்மென்டாகச் சிதறும். சொந்த ஊர் இரண்டு தலைமுறையில் மறந்துபோகும்.

1928-க்குள் மதராஸ் ரெஜிமெண்டின் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன, 1941-இல் போர் நெருக்கடியில் மீண்டும் எழுப்பப்பட்டன. நம் வீடுகளில் இருக்கும் தாள்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, மெடல் சீட்டு. வெலிங்டனிலுள்ள ரெஜிமெண்டின் பதிவு அலுவலகத்துக்கோ, சாப்பர் என்றால் பெங்களூருக்கோ எழுதிக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் 1995-இல்தான் பிறந்தது. தாத்தாவின் தாளில் ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா’ என்றுதான் இருக்கும். அரியலூர்க்காரர்களுக்கு இன்னும் குழப்பம். அந்த மாவட்டம் 2001-இல் பிரிந்து, அடுத்த ஆண்டே சேர்ந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. பழைய ராணுவ எண்ணைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

இந்த மலரின் அடுத்த பக்கங்களில் வரும் குடும்பக் குறிப்புகளுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தோம். ரேங்க், யூனிட், மெடல் எல்லாம் நிறைவாக எழுதி வந்தன. மனைவி பெயர், தாயார் பெயர், அவர்கள் பிறந்த ஊர் ஆகிய கட்டங்களைப் பலர் வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்தப் படிவங்களைத் திருப்பி அனுப்பி, கேட்டு எழுதி வாங்கினோம்.