ஊசி வைத்தியமும் வேளைக் கணக்கும்

காலையில் ஊசி குத்திக்கொள்வது நலமா, மாலையில் நலமா? அக்குபங்சர் சிகிச்சைக்குச் செல்வோர் பலர் கேட்கும் கேள்வி இது. வேளை பார்த்து மருந்துண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆதலின் நம்மவர் நாவில் இக்கேள்வி எளிதில் எழுகிறது. சீன நாட்டில் இதற்கு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு வரலாறு உண்டு.

அவ்வைத்தியத்தின் மூலநூல் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. பகலும் இரவும் சேர்ந்த ஒரு நாளைச் சீனர் நீர்க்கடிகாரத்தால் நூறு பாகமாக அளந்தனர். நாம் அதனையே அறுபது நாழிகையாக அளந்தோம். சங்க நூல்கள் கூறும் குறுநீர்க் கன்னலும் நீரால் காலம் அளந்த கருவியே. நெய்ஜிங் கணக்குப்படி, உயிராற்றல் ஒரு நாளில் உடலை ஐம்பது முறை சுற்றி வருகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29 நிமிஷம். அவ்வோட்டத்தை அறிந்து, உரிய சமயத்தில் ஊசியிடுக என்பது நூலின் கட்டளை.

பின்னாளில் வேரூன்றிய கொள்கை வேறு. நாளைப் பன்னிரண்டு கூறாக்கி, ஒவ்வோர் ஐந்து நாழிகையையும் ஓர் உறுப்புக்கு உரிமையாக்கினர். விடியற்காலை 3 முதல் 5 வரை நுரையீரல். காலை 7 முதல் 9 வரை இரைப்பை. நண்பகலையொட்டி 11 முதல் 1 வரை இருதயம். நள்ளிரவு கடந்து 1 முதல் 3 வரை கல்லீரல். இக்கணக்கில் உயிராற்றல் நாளொன்றுக்கு ஒரே முறைதான் சுற்றுகிறது! ஐம்பது சுற்றையும் ஒரு சுற்றையும் இசைவிப்பது எளிதன்று.

12-ஆம் நூற்றாண்டில், ஜின் அரசர் வட சீனத்தை ஆண்டபோது, ஹெ ருவோயூ என்பவர் இதனைப் பெருங்கணிதமாக வளர்த்தார். ‘ஸி-வூ லியூ-ஜூ’ என்பது அதன் பெயர். மொழிபெயர்ப்பாளனுக்கு இப்பெயரே ஒரு விருந்து. ‘ஸி’ நள்ளிரவு, அதன் விலங்கு எலி. ‘வூ’ நண்பகல், அதன் விலங்கு குதிரை. பின்னிரு சொற்களும் ஓடுதலையும் பொழிதலையும் குறிப்பன. பஞ்சாங்கக் குறிகளைக் கொண்டு, 66 புள்ளிகளுள் எது எவ்வேளையில் ‘திறக்கும்’ என்று கணித்தனர். எப்புள்ளியும் திறவாத வேளைகளும் அக்கணக்கில் நேர்ந்தன. அவ்வேளையில் வலியால் துடித்து வருபவன் கதி என்ன?

சீனத்து வைத்தியரே இதனை எதிர்த்தனர். மிங் அரசர் காலத்தவரான வாங் ஜி (1463–1539) இக்கணித முறையை ஏற்க மறுத்தார். நோயைப் பார்த்துப் புள்ளியைத் தேர்வதா, நாட்குறிப்பைப் பார்த்துத் தேர்வதா என்பதே வழக்கு. எனக்கு வாங் ஜியின் பக்கமே நியாயம் தோன்றுகிறது.

இந்தியாவில் இவ்வைத்தியம் பரவியது அண்மைக் காலத்தில்தான். 1938-இல் கோட்னிஸ் முதலிய ஐவர் சென்ற மருத்துவக் குழுவில் ஒருவரான டாக்டர் பிஜய் குமார் பாசு, பின்னர் மீண்டும் சீனம் சென்று இதனைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். அந்நகரில் வாழும் தமிழர் பலரும் அவர் பெயரைக் கேட்டிருக்கக்கூடும்.

உடலுக்குள் காலக் கணக்கு உண்டென்பதை இன்றைய விஞ்ஞானமும் ஒப்புகிறது. 2017-இல் நோபெல் பரிசே அதற்கு வழங்கப்பட்டது. ஆஸ்துமா விடியலுக்கு முன் மிகுவதும் உண்மை. ஆயினும், உறுப்புக்கு இரண்டு மணியாகப் பங்கிட்ட பழைய அட்டவணைக்கு இவை சான்றாகா. குறித்த வேளையில் குத்தினால் பலன் மிகும் என்பது ஐயமற நிறுவப்படவுமில்லை. மேலும், அதிகாலை 3 மணிக்கு எந்த வைத்தியர் கதவு திறந்திருக்கும்? அவ்வேளையில் மூச்சுத் திணறுவோர் நாட வேண்டியது ஆஸ்பத்திரியையே.

அட்டவணைகளின் ஆரவாரத்தில் மறைந்துபோன பகுதி ஒன்று நெய்ஜிங்கில் உண்டு. உண்டவுடன் ஊசி கூடாது. கடும்பசியிலும், குடிமயக்கத்திலும், சினத்திலும், களைப்பிலும் கூடாது. வண்டியேறி வந்தவனைப் படுக்க வைத்து, ஒருவர் உணவருந்தும் நேரம் கழித்துக் குத்துக. நடந்து வந்தவனை உட்கார வைத்து, பத்து ‘லி’ தூரம் நடக்கும் நேரம் ஆறியபின் குத்துக என்கிறது அந்நூல். பத்து ‘லி’ என்பது நாம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று குறைய நடக்கும் தொலைவு.