சாங்போ நதியும் கிந்தூப்பும்

1802-ம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் துரை தொடங்கிய பெரு நில அளவை, அரை நூற்றாண்டிற்குள் இமயத்தை எட்டிற்று. அதற்கப்பாலுள்ள திபெத்தோ அந்நியர் புகவொண்ணாத நாடு. ஆதலின் அளவை இலாகாவார் மலைநாட்டு மக்களையே பழக்கி, யாத்திரிகர் வேடத்தில் அனுப்பி வந்தனர். அன்னார் நூறு மணி கோத்த ஜபமாலையால் அடிகளை எண்ணித் தூரமும், நீர் கொதிக்கும் வெப்பத்தால் உயரமும் கணித்தனர். எனினும் தேசப்படத்தில் ஓர் ஐயம் நீங்கவில்லை. கிழக்கு நோக்கியோடும் சாங்போ நதி, 25,000 அடிக்கு மேலுயர்ந்த நம்சா பர்வா சிகரத்தருகே மலையிடுக்கில் மறைகின்றது. அஃது அஸ்ஸாமில் பிரமபுத்திராவாக வெளிப்படுகின்றதா, பர்மாவின் ஐராவதியோடு சேர்கின்றதா?

இதனையறிய 1880-ல் ஹார்மன் துரை ஒரு லாமாவையும், அவருக்கு ஏவலாளாகச் சிக்கிம் நாட்டுக் கிந்தூப்பையும் அனுப்பினார். குறியிட்ட மரத்துண்டுகளைச் சாங்போவில் விடவேண்டும். அஸ்ஸாமில் காவலிருப்போர் அவற்றை நோக்குவர் என்பது ஏற்பாடு. கிந்தூப் எழுத்தறியாதவர். எழுத்தறிந்த லாமாவோ கிந்தூப்பை அடிமையாக விற்றுவிட்டு அகன்றார்!

கிந்தூப் தப்பியோடி மார்ப்புங் மடத்தில் அடைக்கலம் புகுந்தார். பின்தொடர்ந்து வந்தோர்க்கு மடாதிபதி 50 ரூபாய் கொடுத்து அவரைத் தம் ஏவலராக்கிக் கொண்டார். அந்நிலையிலும் கிந்தூப் தாம் வந்த காரியத்தை மறந்தாரில்லை. தலயாத்திரைக்கென விடைபெற்று, 500 மரத்துண்டுகளை அறுத்துக் குகையொன்றில் மறைத்தார். மறுமுறை லாசா சென்று, இன்ன நாள் முதல் நாளொன்றுக்கு 50 துண்டுகள் விடுவேன் என்று பிறரைக்கொண்டு கடிதமெழுதுவித்து அனுப்பினார். மீண்டும் மடத்திற்கே வந்து ஊழியஞ் செய்தார். குறித்த நாள் வந்ததும் பத்து நாட்களில் அத்தனையையும் நதியில் விட்டார். கடிதம் உரிய காலத்திற் சேரவில்லை. ஹார்மன் துரையும் இந்தியாவை விட்டு நீங்கியிருந்தார். துண்டுகள் பார்ப்பாரின்றிக் கடலை நோக்கிச் சென்றன.

1884-ல் திரும்பிய கிந்தூப் நினைவிலிருந்து கூறியதை இலாகாவார் எழுதிக்கொண்டனர். அதனைச் சிலர் நம்பவில்லை. அவ்வறிக்கையிற் காணப்பட்ட 150 அடி அருவியும் பின்னர் ஆராய்ந்தபொழுது 30 அடியளவே இருந்தது. சிற்றாறு ஒன்றன் வீழ்ச்சியும் பேராற்றின் வீழ்ச்சியும் எழுதுங்கால் ஒன்றாய்விட்டன. சொன்னவர் வாசிக்க வல்லவராயின் அப்பொழுதே திருத்தியிருப்பார் என்பது நம் கருத்து. (100 அடிக்கு மேற்பட்ட வேறோர் அருவி அவ்விடுக்கில் உண்டென்பது 1998-ல் உறுதியாயிற்று.)

1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இருவர் அவ்வழி சென்று, ஊர்களும் ஆற்றுப்போக்கும் கிந்தூப் மொழிந்தபடியே இருக்கக் கண்டனர். சாங்போவே பிரமபுத்திரா என்பது நிலைநாட்டப்பட்டது. பெய்லி தேடியபொழுது கிந்தூப் டார்ஜிலிங்கில் தையற்றொழில் செய்துகொண்டிருந்தார். பெய்லி அவருக்கு ஓய்வூதியம் வேண்டினார். சர்க்காரார் 1,000 ரூபாய் மட்டும் அளித்தனர். அதன்பின் கிந்தூப் நெடுநாள் வாழ்ந்திலர்.