பிள்ளைக்குப் பெயர் வைத்த காசு

பள்ளிக்கூடம் நடத்தக் காசு கேட்டு எழுதும் கடிதத்தை நாம் வரலாற்று ஆவணமாகப் பார்ப்பதில்லை. காசு வந்ததும் கோப்புக்குள் போய்விடும் காகிதம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன சொன்னது என்பதைவிட, அதன் பெயரில் மற்றவர்கள் என்ன சொல்லிக் காசு வாங்கினார்கள் என்பது அந்தக் கடிதத்தில்தான் கிடக்கிறது. ஆர் கேட்டது? ஆரைக் கேட்காமல் கேட்டது? யாழ்ப்பாணத்தின் கல்விக் கதையை இந்தக் கேள்வியோடு திரும்ப வாசிக்கலாம்.

அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தமிழ் இளைஞர்களுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று 1823இல் திட்ட அறிக்கை அச்சிட்டு நிதி கேட்டார்கள். இன்றைய என்.ஜி.ஓ. மொழியில் சொன்னால் ஒரு 'புரொப்போசல்'. தமிழும் ஆங்கிலமும் ஐரோப்பிய விஞ்ஞானமும் அதில் இருந்தன. கூடவே மத போதனையும் இருந்தது. அமெரிக்கர்களின் கல்லூரிக்குப் பிரிட்டிஷ் அரசு பட்டயம் தர மறுத்தது. அது வட்டுக்கோட்டை செமினரியாகவே நடந்தது.

விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்கக் கொடையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். சும்மா அல்ல. காசு தந்தவர் சொன்ன பெயர் பிள்ளைக்கு வைக்கப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் நடமாடும் பெயர்களின் முன்பாதி இப்படி வந்ததுதான். அந்தப் பெயர் கொடையாளருக்குக் கொடுத்த ரசீது. பிள்ளையோ ஆயுள் முழுக்க அந்த ரசீதைச் சுமந்தது.

1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன. மிஷன் தலைமையகம் செலவைக் குறைத்தது; யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிகள் மூடப்பட்டன. நியூயோர்க்கில் நடந்ததற்கும் இங்கே திண்ணையில் ஏடு படித்த பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? காசு வந்த வழிதான் சம்பந்தம்.

1855இல் செமினரியே மூடப்பட்டது. ஆங்கிலம் படித்தவர்கள் போதகர்களாகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழுவின் குறை. இங்கே இரண்டு கணக்குகள் இருந்தன. கொடையாளருக்கு ஆன்மா, பெற்றோருக்கு உத்தியோகம். இரண்டாவது கணக்கு எந்த விண்ணப்பத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் மூடிய சில ஆண்டுகளுக்குள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகளாக வந்தவர்கள் அந்தச் செமினரியின் மாணவர்களான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும்தான்! பழைய மாணவர்கள் விடவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

அப்படியானால் உள்ளூர்க் காசே தூய்மையானது என்று முடித்துவிடலாமா? முடியாது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். அரசு நன்கொடை பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்துக் கல்விக்குப் பணம் திரட்டும் வழி அவருடையது. காலனியத்துக்கு எதிரான பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிடியரிசிக்கும் நிபந்தனை உண்டு. அது எந்த விண்ணப்பத்திலும் எழுதப்படாத சாதி என்ற நிபந்தனை. அரிசி போட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதை அரிசி போட்டவர்களே தீர்மானித்தார்கள்.

1929இல் கதை திரும்பியது. அரசு நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதுவரை தரையிலோ வெளியிலோ இருந்து படித்த பிள்ளைகள் வாங்கில் உட்காரப்போகிறார்கள் என்றதும் ஆதிக்க சாதியினர் மனுப் போட்டார்கள். சில பள்ளிக்கூடங்கள் எரிந்தன. வெளியிலிருந்து வந்த நிபந்தனை, உள்ளே ஒளித்துவைத்த நிபந்தனையை அம்பலப்படுத்தியது.

ஆகவே 'அந்நியக் காசு வேண்டாம்' என்பதும், 'காசு எங்கிருந்து வந்தால் என்ன, பள்ளி நடந்தால் சரி' என்பதும் இரண்டுமே சோம்பேறி வாதங்கள். இன்று நம்மில் பலர் கிராமப் பள்ளிகளுக்காகப் படிவம் நிரப்புகிறோம். பின்தங்கிய, ஏதுமறியாத மக்கள் என்று தாராளமாக எழுதுகிறோம். அப்படி எழுதினால்தான் காசு வரும் என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் படிவத்தை அனுப்பும் முன், எந்தச் சேரிக்காக எழுதினோமோ அங்கே போய்ச் சத்தமாக வாசித்துக் காட்ட நம்மால் முடியுமா? முடியாதென்றால், பிள்ளைக்கு இன்னொருவரின் பெயரை நாமும் வைத்துவிட்டோம்.